7 நாளா, 8 நாளா? நாவலர் பலகைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

திருக்கண்ணபுரத்தில் பிறந்த நாவலர் இரா. நெடுஞ்செழியனின் பொதுவாழ்வைச் சொல்லும் 12 பலகைகளும் படிப்பகத்துச் சுவரில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றும் 4 அடி உயரம், 3 அடி அகலம். கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் "பேரெல்லாம் போட வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாயிருக்காது. அதனால் யார் என்பதை விட்டு, செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி கணக்கு டீச்சருக்கு. நாவலர் இரண்டு முறை தற்காலிக முதல்வராக இருந்தவர். அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி 3 முதல் கலைஞர் பதவியேற்ற பிப்ரவரி 10 வரை ஒரு முறை. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 முதல் ஜானகி அம்மையார் பதவியேற்ற 1988 ஜனவரி 7 வரை மறுமுறை. முதல் வரைவில் '7 நாள்', '15 நாள்' என்று எழுதியிருந்தது. டீச்சர் இரண்டையும் பென்சிலால் சுழித்துவிட்டார். பதவி கைமாறிய நாளை நாவலர் கணக்கில் வைத்தால் 8, 15. அடுத்தவர் கணக்கில் வைத்தால் 7, 14. ஒன்றை ஒரு மாதிரியும் மற்றதை வேறு மாதிரியும் எண்ணியதுதான் தப்பு.

இந்தத் தப்பு நம்மோடு நிற்கவில்லை. ஜானகி அம்மையாரை '24 நாள் முதல்வர்' என்கிறோமே, ஜனவரி 7, 30 இரண்டையும் சேர்த்து எண்ணினால்தான் 24 வரும். டெல்லியில் நாவலரைப் போலவே இருமுறை இடைக்காலப் பிரதமராக உட்கார்ந்தவர் குல்சாரிலால் நந்தா. 1964 மே 27 முதல் ஜூன் 9, பிறகு 1966 ஜனவரி 11 முதல் 24. இரண்டையும் 13 நாள் என்பார்கள். அது கடைசி நாளைத் தள்ளிய கணக்கு. வாஜ்பாயின் 1996 ஆட்சிக்கும் '13 நாள்' என்றே பெயர். ஆனால் அது மே 16 அன்று பதவியேற்றதிலிருந்து 28 அன்று ராஜினாமா செய்தது வரை, இரண்டு முனையும் சேர்த்த கணக்கு. தேவகவுடா வந்த ஜூன் 1 வரை அவர்தானே பிரதமர்? ஆளுக்கொரு முழக்கோல். டீச்சர் சொன்னபடி தேதிகளை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் சின்னதாக 'கைமாறிய நாள் அடுத்தவருக்கு; 7 + 14 = 21 நாள்' என்று குறித்திருக்கிறோம். மூன்று வாரம் சரியாக. 50 ஆண்டுக்கு மேற்பட்ட அரசியல் வாழ்வில் அந்த நாற்காலியில் இருந்தது அவ்வளவுதான்.

சட்டம் தெரிந்த நன்னிலத்து அண்ணனுக்கு அடுத்த நன்றி. 'தற்காலிக முதல்வர்' என்ற சொல் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை என்பதை அவர்தான் எடுத்துக்காட்டினார். 164ஆம் பிரிவில் முதல்வரை ஆளுநர் நியமிப்பார் என்று மட்டுமே இருக்கிறது. முதல்வர் இறந்தால் அவரோடு அமைச்சரவையும் போய்விடும். அமைச்சரவை இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாது என்பதால், சட்டமன்றக் கட்சி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை யாராவது ஒருவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தே ஆகவேண்டும். அந்த இடத்துக்கு அமைச்சர்களில் மூத்தவரைக் கூப்பிடுவது வழக்கம். இரண்டு தடவையும் மூத்தவர் நாவலர். கட்சி முன்னாலேயே முடிவெடுத்துவிட்டால் இந்த இடைவெளியே வராது. 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைந்து, நள்ளிரவு தாண்டியதும் ஓ. பன்னீர்செல்வம் முழு முதல்வராகவே பதவியேற்றதை நினைத்துப் பாருங்கள்.

பலகையிலிருந்து ஒரு வரியை அந்த அண்ணன் எடுக்கவும் வைத்தார். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்து, அமெரிக்காவில் சிகிச்சை முடிந்து 1985 பிப்ரவரியில் திரும்பும்வரை மூத்த அமைச்சராக நிர்வாகத்தைக் கவனித்தவர் நாவலர். 'மூன்று முறை தற்காலிக முதல்வர்' என்று சிலர் எழுதுவது இதைச் சேர்த்துத்தான். அப்போது முதல்வர் உயிரோடும் பதவியோடும் இருந்தார். ஆகவே அது பொறுப்பைக் கவனித்தது, பதவி அல்ல.

படிப்பகத்துத் திண்ணையில் எதிரெதிராக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே உதவிய இரண்டு கட்சிப் பெரியவர்களுக்கும் வணக்கம். 6ஆம் பலகையில் 'நாவலர் ஏன் நிரந்தரமாகவில்லை' என்பதற்கு 4 வரிதான் இடம். அதற்குள் இரண்டு பேரையும் சம்மதிக்க வைப்பது குறுவைக்குத் தண்ணீர் முறை வைப்பதைவிடக் கஷ்டம். கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டது இது: மேடையும் மூப்பும் அவரிடம் இருந்தன, சட்டமன்ற உறுப்பினர்களின் தலைக்கணக்கு இல்லை. 1956 திருச்சி மாநாட்டில் "தம்பி வா, தலைமை ஏற்க வா" என்று அண்ணா அழைத்தது அவரைத்தான். தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்திருந்த அந்தக் காலத்துத் தி.மு.க.வில் பொதுச்செயலாளர்தான் முதல் ஆள் என்பது தெரியாவிட்டால் அந்த அழைப்பின் கனம் புரியாது. 1962இல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றபோது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானதும் நாவலர். இவ்வளவும் இருந்தும் 1969இல் எண்ணிக்கை கலைஞர் பக்கம் போனது, எம்.ஜி.ஆரும் அந்தப் பக்கம். புதிய அமைச்சரவையில் நாவலர் முதலில் சேரவில்லை, பிறகு சேர்ந்தார்.

இந்த இடத்தில் பெரியவர்கள் சொல்லி ஒரு படம் சேர்த்தோம்: பழைய தஞ்சை மாவட்ட வரைபடம். 1969இல் போட்டியில் நின்ற இருவரில் ஒருவர் திருக்கண்ணபுரம், ஒருவர் திருக்குவளை. இரண்டும் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பக்கம். எம்.ஜி.ஆர். படித்தது கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில். நாவலரும் கலைஞரும் பிறந்த மாவட்டத்தைத் தஞ்சாவூர் என்று போட்டாலும் நாகப்பட்டினம் என்று போட்டாலும் தப்பில்லை. 1991இல் மாவட்டம் பிரிந்தது. வரைபடத்துக்கு அடியில் அதையும் எழுதிவிட்டோம், இல்லாவிட்டால் தினமும் ஒருவர் திருத்த வருவார்.

பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தேட இடம்கொடுத்த ஓய்வுபெற்ற நூலக ஐயாவுக்கு நன்றி. அவர் சொல்லிக்கொடுத்த இரண்டு சூட்சுமம் இல்லையென்றால் பாதிச் செய்தி கிடைத்திருக்காது. ஒன்று தேதி. அண்ணாவின் மறைவு நள்ளிரவு தாண்டி நடந்தது. வீட்டுப் பெரியவர்கள் நினைவில் அது '2ஆம் தேதி ராத்திரி'. எம்.ஜி.ஆர். மறைந்ததும் விடியலுக்கு முன். அதுவும் '23ஆம் தேதி ராத்திரி' ஆகிவிடுகிறது. சொன்ன தேதியிலிருந்து முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் என்று 4 நாள் இதழையும் பார்க்க வேண்டும். இரண்டு, பெயர். தமிழில் 'இரா.' என்ற முன்னெழுத்து ஆங்கில இதழ்களில் 'வி.ஆர்.' ஆகிறது. 'ழி'யை ஒருவர் 'இசட்.எச்.' போட்டு எழுதுவார், ஒருவர் வெறும் 'எல்' போடுவார். ஆங்கில அட்டவணைகளில் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். இளமைக்காலக் குறிப்பு தேடுகிறவர்கள் 'நாராயணசாமி' என்ற இயற்பெயரையும் மறக்கக் கூடாது. தம்பி இரா. செழியனுக்கும் இதே கதைதான், அவர் சீனிவாசன்.

பைண்டிங் அண்ணனுக்குத் தனி நன்றி. நொறுங்கும் பழைய தாளை எங்கள் ஆட்கள் செல்லோடேப் போட்டு ஒட்டப் போன நேரத்தில் வந்து கையைப் பிடித்தார். டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாக இறங்கி எழுத்தையே தின்னும். மயில்துத்தம் கலந்த மைதாப் பசை புது நோட்டுக்குச் சரி, பூச்சி வராது. பழைய தாளுக்கு ஆகாது. மூலத்தைத் தொடாமல் படமெடுத்து, படத்தை மட்டும் பலகையில் போட்டது அவர் யோசனை. நாளிதழ்க் கட்டை முழுக்க விரிக்காமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்தோம்.

ஃபிளெக்ஸ் கடைத் தம்பிகளை எவ்வளவு சொன்னாலும் தகும். கைப்பேசியில் தட்டிய தமிழை அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடுகிறது. 'நெ'யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும். 'நெடுஞ்செழியன்' என்ற பெயரில் கொம்பு இரண்டு! 12 பலகையிலும் சேர்த்து இந்தப் பெயர் 60 இடத்துக்கு மேல். தம்பிகள் வரி வரியாக எழுத்துரு மாற்றியில் போட்டு, பழைய எழுத்துருவுக்குக் கொண்டுவந்து, அதைக் கோட்டு வடிவமாக உறையவைத்த பிறகே அச்சுக்கு அனுப்பினார்கள். அப்படி உறையவைத்த பின் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் வரி முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். டீச்சரின் பென்சில் அப்போதும் ஓயவில்லை என்பதை நினைத்தால் அவர்கள் பொறுமை விளங்கும்.

டீ, பஜ்ஜி, ஏணி, ஆணி, கயிறு கொடுத்த எல்லாருக்கும் நன்றி. பெயரோடு ஒரு பட்டியல் படிப்பக நோட்டில் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் 9ஆம் பலகையிலிருந்து தொடங்குவது நல்லது. 1977இல் மக்கள் தி.மு.க. கண்டது, அதை அ.தி.மு.க.வோடு இணைத்தது, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் நிதி, 1991இல் தேனியில் வென்று மறுபடி நிதி எல்லாம் அங்கே இருக்கிறது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று நான்கு முதல்வர்களிடம் அமைச்சராக இருந்தவர் அவர். இரண்டு வேறு கட்சிகளின் ஆட்சியில் தற்காலிக முதல்வர் ஆனவர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இல்லை. அந்த 21 நாளை மட்டும் பார்த்துவிட்டு 'பாவம்' என்று திரும்புகிறவர்கள் அதிகம். அதனால்தான் 9 என்கிறோம்.

ஐப்பசி மழைக்கு முன் வடக்குச் சுவரில் உள்ள 4 பலகைகளை இறக்கி உள்ளே வைப்போம், அங்கே ஓதம் ஏறும். 11ஆம் பலகையில் மூன்றாவது வரியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். அதன் அடியில் ஒரு கொம்பு தப்பி நிற்கிறது. புதுப் பலகை அச்சில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
படிப்பக நண்பர்கள்