உற்சவர் அம்மன் திருப்பணி நிறைவு அறிக்கை: 32 கிலோ 38 ஆன கதை

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம்.

மடப்பள்ளி ஓடு மாற்றியது, வாகன அறைக்குக் கதவு போட்டது, சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்தது எல்லாம் பேசிய தொகைக்குள் முடிந்தன. அதை யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: 32 கிலோ என்று பேசிய அம்மன் எப்படி 38 கிலோ ஆனாள்? வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் போனது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

சுவாமிமலைப் பட்டறையில் நமக்குச் செய்தது கன வார்ப்பு. உள்ளே பொள்ளல் இல்லாமல் முழுக்க உலோகம். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அதில் கிரீடம் முதல் கொலுசு வரை அம்மனை முழுதாக உருவாக்கிவிட்டுத்தான் மண் பூசுவார்கள். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அந்த மெழுகு என்ன எடையோ, உலோகம் அதைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஆடியில் வேன் பிடித்து 14 பேர் பார்க்கப் போனோமே, அன்று மெழுகு மூன்றரை கிலோ. கணக்கு சரியாகத்தான் இருந்தது. "பீடம் சப்பையா இருக்கே, இரண்டு விரற்கடை ஏத்துங்க" என்றது யார்? தாமரை இதழ் இரட்டை வரிசையாக வேண்டும் என்றது யார்? பெயர் போடவில்லை. "எடை ஏறுமுங்க" என்று ஸ்தபதி அங்கேயே சொன்னார், ஒருவரும் காதில் வாங்கவில்லை. மறுபடி நிறுத்தபோது 4 கிலோ 200 கிராம். அன்றைக்கே கூட்டம் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

ஆனால் பட்டறையில் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தோம் என்பது பொய். அச்சை உடைத்ததும், உலோகம் இறங்கிய தண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தராசில் வைத்து 41 கிலோ என்றார்கள். தண்டை அறுத்து, அரம் போட்டு, உளி வேலை முடிந்த பிறகு வரும் எடைக்குத்தான் காசு என்றோம். "உருக்கினது எல்லாம் உருக்கினதுதானே" என்றார் ஸ்தபதி. தண்டும் தூளும் உங்களிடம்தானே தங்குகிறது, அடுத்த உருக்கில் போட்டுக்கொள்வீர்கள் என்று பொருளாளர் மாமா சாப்பிடாமல் மூன்று மணி நேரம் நின்று பேசினார். கடைசியில் 38. கிலோ 3,000 ரூபாய் வீதம் 9,000 மிச்சம், ஒப்பந்தத்துக்கு மேல் 18,000 கூடுதல். இதுதான் நடந்தது.

அப்புறம் தங்கம். ஐம்பொன்னில் சேர வேண்டிய அதைப் போட்டதை யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தேன். வறட்டித் தீயில் மெழுகு முழுக்க உருகி ஓடிய பிறகு, சுட்ட அச்சைக் குழியில் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி மண் கெட்டித்திருந்தார்கள். செம்பும் பித்தளையும் ஈயமும் உருகி, உலோகம் உருக்கும் மூசை மேல் பச்சையாகத் தீ எழுந்தது. வெள்ளியும், நம் வீட்டுப் பெண்கள் கழற்றிக் கொடுத்த மூன்று மூக்குத்தியும் ஒரு தாலிக்குண்டும் என் கையாலேயே போட்டேன். ஒரு மூக்குத்தி இடுக்கி மேல் விழுந்து தெறித்தது, பட்டறைப் பையன் தேடி எடுத்துத் திரும்பப் போட்டான். பிறகு நூல் போலத் தாரை அறாமல் ஊற்றினார்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் உலோகம் ஒட்டாதாம். அதுவரை யாரும் மூச்சு விடவில்லை.

கண் திறப்புக்கு அழைக்கவில்லை என்று கோபப்படுபவர்களுக்கு: அது திரை போட்டுச் செய்தது, நாங்களும் வெளியேதான் நின்றோம்.

கூடுதல் 18,000-இல் சிங்கப்பூர்த் தம்பி 10,000, மேலத்தெரு மளிகைக்கடை அண்ணன் 3,000, ஓய்வு பெற்ற டீச்சர் அக்கா 2,000, டிராக்டர் வைத்திருக்கும் சித்தப்பா 1,500, பெயர் வேண்டாம் என்ற மருமகள் ஒருவர் 1,000, டீக்கடை மச்சான் 500. அத்தனை பேருக்கும் நன்றி. ஸ்தபதிக்கு வேட்டி, துண்டு எடுத்துக் கொடுத்தவர் ஆசாரித்தெருப் பெரியப்பா, அது கணக்கில் வரவில்லை.

தலைக்கட்டு வரி இன்னும் ஏழு வீடு பாக்கி. எடைச்சீட்டும் ரசீதுகளும் பொருளாளர் மாமா வீட்டில் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் பார்க்கலாம்.