பாடம் நடத்தியது இழப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். 'கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே பல ஆண்டுகளை இழந்தார்' என்ற வரியில் நின்றவன்தான், மேலே படிக்க மனம் வரவில்லை.

எதை இழந்தார் ஐயா? எடின்பரோவில் டி.எஸ்சி. என்ற முனைவர் பட்டம் வாங்கி வந்தவருக்கு 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கிடைத்தது மாதம் 250 ரூபாய் உத்தியோகம். மெர்குரஸ் நைட்ரைட் என்ற பாதரசச் சேர்மத்தை உலகத்துக்குச் சொன்னது அந்தக் கல்லூரி லேபில் இருந்துதான். பேர் வந்த பிறகும், புதிதாகச் சேரும் பிள்ளைகளின் வகுப்பை விரும்பி எடுத்துக்கொண்டவர் அவர். வேதியியலாளர் ஞான் சந்திர கோஷும் இயற்பியலாளர் மேகநாத் சாகாவும் அவரிடம் படித்தவர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா? 60 வயதுக்குப் பிறகு தன் சம்பளத்தையே பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு விட்டுக்கொடுத்தவரைப் பற்றி எழுதும்போது 'இழந்தார்' என்று எப்படி எழுத மனம் வருகிறது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தப் பேச்சை 31 வருடம் காதால் கேட்டவன் நான். எங்கள் கல்லூரியில் சோதனைக்குச் சில்வர் நைட்ரேட் கேட்டால், 'பி.எஸ்சி. பசங்களுக்கு ஆராய்ச்சி எதற்கு, ரெக்கார்டு எழுதினால் போதாதா' என்பார்கள். அந்த ரெக்கார்டும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதுதான். என் காசில் 25 கிராம் பாட்டில் வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ஊர் போர்வெல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தாள். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க ஈ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக விழுகிறது, நிறங்காட்டி சேர்த்த தண்ணீரின் ஒயின் சிவப்பு மாறவே இல்லை, ப்யூரெட் என்ற அளவுக் குழாய் காலியாகி மறுபடி நிரப்பிய பிறகுதான் நீலம் வந்தது. குடிநீரின் கடினத்தன்மைக்கு அனுமதிக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 600 மில்லிகிராம், அதையும் தாண்டிவிட்டது. அவள் நம்பாமல் மூன்று முறை செய்தாள். அடுத்த வாரம் ஐந்து கேன்களோடு வந்து, 'குளத்துக்கரைக் கிணறு மட்டும் ஏன் சார் நல்லா இருக்கு?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

பி.எஸ்சி. முதலாண்டுப் பிள்ளைகளும் எழுதக்கூடிய கே.வி.பி.ஒய். என்ற அறிவியல் உதவித்தொகைத் தேர்வு 1999-ல் தொடங்கியது. 2022-ல் அதை இன்ஸ்பயர் என்ற இன்னொரு மத்திய அரசு உதவித்தொகைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அப்போது உங்கள் இதழில் ஒரு மூலையிலாவது செய்தி வருமா என்று வாராவாரம் பார்த்தேன். வரவில்லை. அந்த வருத்தமும் சேர்ந்துதான் இப்போது எழுதுகிறேன்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். ராய் தன் மாணவர்களோடு இருக்கும் படம் கிடைத்தால் பக்கத்தில் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.