துடைக்கத்தான் தைத்தேன்

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள மகளுக்கு,

நான் கையால் பூத்தையல் போட்டு அனுப்பிய ஐந்து துணிகளும் சப்போரோவுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தன என்று நீ தொலைபேசியில் சொன்னபோது மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "துடைக்க மனசு வரவில்லை அம்மா, சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்" என்றாயே, அதைக் கேட்டு எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. அவற்றுக்கு ஹனாஃபுக்கின் என்று பெயர். ஹனா என்றால் பூ. ஃபுக்கின் என்றால் பாத்திரமும் மேசையும் துடைக்கும் துணி. பூ இருக்கிறது என்பதற்காகத் துடைக்கும் வேலையிலிருந்து அதற்கு விடுப்புக் கொடுக்க முடியாது.

இந்தத் தையலுக்கு சஷிகோ என்று பெயர்; அதன் வகைகளில் ஒன்று பிறந்த இடம் உனக்கு அதிகத் தூரமில்லை. நீ இருக்கும் ஹொக்கைடோவுக்குத் தெற்கே, கடலிடுக்கைத் தாண்டியதும் வரும் அவோமோரியின் சுகாரு பகுதியில் குளிர் மிகுதியால் பருத்தி விளையாது. போதாக்குறைக்கு 1724இல் வந்த சிக்கனச் சட்டம் குடியானவர்கள் பருத்தி ஆடை அணிவதையே தடுத்தது. அவர்களுக்கு வாய்த்தது காற்றை உள்ளே விடும், சணல் போன்ற நார்த் துணிதான். அவுரியில் தோய்த்த அந்தத் துணியின் இடைவெளிகளை நூலால் அடைத்து அடைத்துத்தான், கோகின் என்று இன்று எல்லோரும் வியக்கும் வேலைப்பாட்டை அவர்கள் உண்டாக்கினார்கள். குளிருக்காகவும் கிழிசலுக்காகவும் போட்ட தையல் அது. அழகு அதன் கூடவே வந்தது. அழகுக்காக மட்டும் என்று அங்கே யாரும் ஊசி எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான் தைத்ததில் அவ்வளவு கடுமை கிடையாது. சராஷி என்னும் வெள்ளைப் பருத்தித் துணி ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் அகலத்தில் சுருளாகக் கிடைக்கும். அதைச் சதுரமாக இரண்டாக மடித்து, ஓரம் தைத்து, திருப்பிப் போட்டுக் கோடு வரைய வேண்டும். தையல் நம் சாதாரண ஓட்டுத் தையல்தான். ஆனால் ஊசியை ஒவ்வொரு முறையும் வெளியே இழுப்பதில்லை. உள்ளங்கையில் அணியும் அங்குஸ்தானால் ஊசியின் பின்புறத்தைத் தள்ளிக்கொண்டே துணியை ஊசியின் மேல் கொசுவிச் சேர்த்து, பிறகு ஒரே இழுப்பில் நூலை உருவ வேண்டும். உருவிய உடனே கொசுவம் முழுவதையும் விரலால் நீவி விட வேண்டும். நான் நீவாமல் விட்ட முதல் துணி, துவைத்ததும் அப்பளம் பொரிந்ததுபோல் சுருண்டுகொண்டது. இரண்டாவது துணியில் வேறு பிழை: தண்ணீரில் கரையும் பேனாவால் வரைந்த நீலக் கோட்டை அலசுவதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிட்டேன். அந்தச் சூட்டில் கோடு துணியிலேயே ஊறிவிட்டது, இன்றுவரை போகவில்லை. அவை இரண்டும் என் அடுக்களையிலேயே உழைக்கின்றன.

உனக்கு அனுப்பியவற்றில் எனக்குப் பிடித்தது பெர்சிமன் என்னும் பழ மரத்தின் பூ, அதாவது காக்கினோஹனா. அதற்கு அரை சென்டிமீட்டர்க் கட்டம் போட்டு, முதலில் படுக்கை வரிகளை மட்டும் தைக்க வேண்டும். எல்லா வரியும் முடிந்த பின்பும் துணியில் வெறும் கோடுகள்தான் தெரியும்; பூ எங்கே என்று சலிப்பாக இருக்கும். செங்குத்து வரி இரண்டு மூன்று ஏறிய பிறகு, தனித்தனியாகக் கிடந்த தையல்கள் திடீரென்று கைகோத்துக்கொண்டு ஒரு பூவாக மூடிக்கொள்ளும். புள்ளி வைத்து இழுக்கும் கோலம் முடியும்போது வரும் அதே நிம்மதிதான். ஒரு வரியில் ஒரு தையல் தப்பினால் போதும், அதற்குப் பிறகு எந்தப் பூவும் மூடாது. பிரித்துத்தான் ஆக வேண்டும். இடது மூலையை நான் இரண்டு இரவு பிரித்தேன்.

பின்புறத்தையும் திருப்பிப் பார். முடிச்சு ஒன்றுகூட இருக்காது. நூலைத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் சில தையல்களை மேலும் மேலும் ஓட்டி மறைத்திருப்பேன். முடிச்சு இருந்தால் துடைக்கும்போது கண்ணாடித் தம்ளரில் உறுத்தும். தையல் தெரிந்தவர்கள்கூடக் கவனிக்காத இந்தச் சிறு ஏற்பாடு ஒன்றே, இந்தத் துணி எதற்கானது என்பதைச் சொல்லிவிடும். சுவரில் தொங்கும் துணிக்கு முடிச்சைப் பற்றி என்ன கவலை?

ஆகவே நாளைக்கே ஒன்றை எடுத்து நனைத்துப் பிழி. இரண்டு அடுக்குத் துணியும் நூலும் சேர்ந்திருப்பதால் நன்றாக ஈரம் உறிஞ்சும்; துவைக்கத் துவைக்க இன்னும் மென்மையாகும். வண்ண நூல் போட்ட இரண்டை மட்டும் முதல் சில தடவை தனியாகத் துவை. நைந்து போனால் தூக்கி எறியாமல் நான்காக மடித்து இன்னொரு ஓட்டம் ஓட்டினால் சோகின் ஆகிவிடும், தரை துடைக்கலாம்.

புத்தாண்டு விடுமுறைக்கு வரும்போது ஒன்றைக் கையோடு எடுத்து வா. அதில் மஞ்சள் கறையும் சாம்பார்க் கறையும் இருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று கொண்டுவந்தால் அடுத்த ஐந்தும் உனக்குக் கிடையாது.

அன்புடன்,
அம்மா