மண்டிக் கணக்கு மென்பொருளின் திருட்டுப் பிரதி விற்பனையைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மென்பொருள் எழுதுபவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: எங்கள் மென்பொருளை உடைத்து விற்பவர் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் தங்கையும் மாம்பழ மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி விற்கிறோம். பெங்களூரா, நீலம், அல்போன்சா என்று ரகவாரியாக எடை போட்டு, கமிஷன், இறக்குகூலி, விவசாயி வாங்கிய முன்பணம் எல்லாம் கழித்து, தமிழில் ஒரே சீட்டாகக் கொடுக்கும். இரண்டு சீசன் மண்டியிலேயே உட்கார்ந்து, கணக்கப்பிள்ளைகள் பேரேடு எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. விலை 6,000 ரூபாய்.

போன சீசனுக்கு முன் ஒரு கணினி சர்வீஸ் கடைக்காரர் காசு கொடுக்காதவர் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் அதன் லாக்கை உடைத்து, 300 ரூபாய்க்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடம் 11 மண்டிகள் புதிதாக எங்களிடம் வாங்கின. போன வருடம் இரண்டுதான். அதைவிட மனசு வலித்தது வேறொன்று. உடைத்த பிரதியில் ஒரு விவசாயிக்கு முன்பணம் இரண்டு தடவை கழிந்துவிட்டது. சீட்டின் அடியில் எங்கள் பெயர்தானே இருக்கிறது? அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரவோடு இரவாகச் சரி செய்து கொடுத்தோம், காசு வாங்கவில்லை.

2017ஆம் ஆண்டு நிலவரப்படி ஆசிய பசிபிக் நாடுகளின் கணினிகளில் இருந்த மென்பொருளில் 57 விழுக்காடு உரிமம் இல்லாதவை, இந்தியாவில் 56 விழுக்காடு என்று பி.எஸ்.ஏ. என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு கணக்கிட்டது. பெரிய கம்பெனிகள் அந்த நஷ்டத்தைத் தாங்கும். உள்ளூர் மொழியில், உள்ளூர் தொழிலுக்கு எழுதும் எங்களைப் போன்றவர்களால் ஒரு சீசன்கூடத் தாங்க முடியாது. பெரிய மென்பொருளின் திருட்டுப் பிரதியே சும்மா கிடைக்கும்போது, எங்களுடையதைக் காசு கொடுத்து வாங்கப் பலர் தயங்குகிறார்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் அடங்கும். பிரிவு 63இன்படி இது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிரிவு 64இன்படி உதவி ஆய்வாளரே பிரதிகளைக் கைப்பற்றலாம்.

ஆகவே என் புகாரைப் பதிவு செய்து விசாரிக்கக் காவல் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். வாங்கிய மண்டிக்காரர்கள் மேல் வழக்கு வேண்டாம். பலருக்கு அது திருட்டுப் பிரதி என்றே தெரியாது. அவர்களுக்குப் பாதி விலையில் அசலை மாற்றித் தரத் தயாராக இருக்கிறோம். அடுத்த மாம்பழ வரத்து தொடங்கும் முன் இது நடந்தால் பேருதவியாக இருக்கும். புகாரின் நகலும், 300 ரூபாய் பில்லின் நகலும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)