ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

வலங்கைமான்,
ஆடி 21.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய நாலு நிமிட வாய்ஸ் மெசேஜைத் தீமிதிப் பந்தலில் ஏணி மேல் நின்றபடி கேட்டேன், பாதிதான் காதில் விழுந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். "புள்ள அழுவுறாளா?" என்றாள். அழவில்லை, கோபம் என்றேன். ரிசப்ஷன் மேடையில் இரண்டாவது பாட்டு நடுவில், கிட்டாருக்கு ஆம்ப் சத்தமும் எஃபெக்டும் போட்டுத் தருகிற ப்ராசஸர் பெட்டி நின்றுபோய், கிட்டாரை நேரே மிக்ஸரில் செருகி, மிச்சக் கச்சேரி முழுக்கத் தகர டப்பா சத்தத்தில் வாசித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பதினைந்தாயிரத்துக்குள் பேக்கப்பாக எந்த மாடலர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். (எங்களுக்கு அது இன்னும் ப்ராசஸர்தான். மாடலர் என்ற பேர் நீ சொல்லிச் சொல்லி இப்போதுதான் வாயில் வருகிறது.) கூடவே ஏழு பெட்டிகளின் பெயரைப் போட்டு, எதில் ஆம்ப் சத்தம் நிஜம் மாதிரி இருக்கும் என்றும் கேட்டாய். அதற்குப் பிறகு வருகிறேன், வராமலும் போகலாம். உன் பெரிய பெட்டி எதனால் நின்றது? அதை நீ சொல்லவே இல்லை. "மறுநாள் வீட்டுல போட்டா ஓடுது" என்று போகிறபோக்கில் ஒரு வரி சொன்னாய் பார், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. வீட்டில் ஓடுகிறது என்றால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. மண்டபத்துக் கரண்ட்தான் ஆளைச் சாய்த்திருக்கிறது.

முப்பது வருஷமாக மைக்செட் போடுகிறவன் சொல்கிறேன். மேடையில் கிட்டார்க்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரங்களில் பெட்டிக்குள் கோளாறு இருந்தது அபூர்வம். அடாப்டர் ஒயர் காலில் சிக்கியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் லூசாக இருக்கும். இல்லையென்றால் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது கண்ணிமைக்கிற நேரம் கரண்ட் போய் வந்திருக்கும். குழல் விளக்கு லேசாக ஒரு சிமிட்டுச் சிமிட்டும், ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் உன் பெட்டி ஒரு கம்ப்யூட்டர். அது முதலிலிருந்து கண்விழித்து எழுந்து வருவதற்குள் பல்லவி முடிந்துவிடும். அதையும்விட மோசம் திருவிழாக் கனெக்‌ஷனில் நியூட்ரல் கழன்றுகொள்வது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறும். ஒரு பங்குனியில் பாடைக்காவடி அன்றைக்கு அப்படி ஏறி, இரண்டு ஆம்ப்ளிபயரும் கீபோர்டு அடாப்டரும் ஒரே நேரத்தில் புகைந்தன. அன்றைக்குக் கிட்டார் வாசித்த பையன் மட்டும் தப்பித்தான். அவனிடம் இருந்தது பழைய ஜூம் 505. ஒற்றை 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி. அதன் டிஸ்டார்ஷன் குளவி கத்துகிற மாதிரி இருக்கும், நாங்களே கிண்டல் செய்வோம். ஆனால் கரண்ட் சரியாகி நான் ஹார்னை உயிர்ப்பித்ததும் முதலில் கேட்டது அந்தக் குளவிதான்.

ஆகவே பேக்கப் வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. பெரிய பெட்டி எதனால் நின்றதோ அதனாலேயே இதுவும் நின்றுவிடக் கூடாது. உன் பட்டியலில் ஐந்து பெட்டி இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

முதலில் லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப். உன் டிரம்மர் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதே கம்பெனியின் பெரிய பெட்டியான ஹீலிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது சொந்தத் தங்கச்சி, அதே சத்தங்கள் உள்ளே இருக்கும். நல்ல சாமான்தான். ஆனால் உன் பதினைந்துக்குள் அடங்காது. அடங்கினாலும் அது 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கிற பெட்டி. சாதாரணப் பெடல்களுக்கு 100 மில்லி ஆம்பியர் கொடுக்கிற சப்ளையில் செருகினால் கண்ணே திறக்காது. அதன் சொந்த அடாப்டர் போச்சென்றால் எல்லாம் போச்சு. டோனெக்ஸ் ஒன், வாலட்டன் ஜி.பி.-5 இரண்டும் உள்ளங்கையில் அடங்கும், சத்தமும் அருமை. ஆனால் காலால் மிதிக்க ஒரே ஸ்விட்ச், உள்ளே பேட்டரி போட இடமில்லை. ரிதத்திலிருந்து லீடுக்குப் போய் உடனே கிளீனுக்குத் திரும்புகிற நம் பாட்டுக்கு ஒரு ஸ்விட்ச் எப்படிப் போதும்? பாட்டு நடுவில் குனிந்து போனைத் தடவிக்கொண்டா இருப்பாய்? மிச்ச இரண்டும் அடாப்டரை மட்டும் நம்பி இருப்பவை. அவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மிஞ்சுவது பாஸ் ஜி.டி.-1, ஜூம் ஜி1 எக்ஸ் ஃபோர். இரண்டிலும் நாலு பென்டார்ச் செல் போடலாம். ஆல்கலைன் செல் போட்டால் பாஸ் ஏழு மணி நேரமும் ஜூம் பதினெட்டு மணி நேரமும் ஓடும் என்று கம்பெனிக் கணக்கு. எந்தக் கச்சேரியும் ஏழு மணி நேரம் போகாது, போனால் நானே ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன். இரண்டிலும் கால் பெடல் உண்டு, 'வா-வா' எஃபெக்ட் வாசிக்கலாம், வால்யூமும் ஏற்றி இறக்கலாம். பாஸ் உடம்பு கெட்டி, மிதித்தால் மிதித்த மாதிரி இருக்கும், ஸ்டீரியோவுக்கு இரண்டு அவுட்புட் தனித்தனியாக உண்டு. ஜூம் எடையும் குறைவு விலையும் குறைவு. என்னைக் கேட்டால் உன் பட்ஜெட்டுக்கு ஜூமைப் புதிதாக வாங்கு, மிச்சக் காசில் நல்ல கேபிள் இரண்டு வாங்கு. நம்பகமான ஆளிடம் செகண்ட் ஹேண்டில் பாஸ் கிடைத்தால் அதையும் பார். செகண்ட் ஹேண்ட் என்றால் சத்தத்தைப் பிறகு கேட்கலாம். முதலில் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார். ஒயர் பின்னைச் சொருகும் ஓட்டையை லேசாக ஆட்டிப் பார். ஒவ்வொரு ஸ்விட்சையும் இருபது தடவை மிதி.

ஜூமில் ஒரு கண்ணி உண்டு, எங்கள் ஆட்களே விழுந்திருக்கிறார்கள். அதன் அவுட்புட்டும் ஹெட்போனும் ஒரே ஓட்டை, ஸ்டீரியோ. அதில் மூன்று கம்பிப் பின்னைச் செருகி மறுமுனையை மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட்டில் கொடுத்தால், இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போகும், இல்லை சூம்பிப்போய் வரும். பெட்டி ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வாய். சாதாரண கிட்டார் ஒயரில், கிட்டார் சிக்னலை மைக் சிக்னல் மாதிரி மாற்றித் தருகிற டி.ஐ. பாக்ஸுக்குப் போ, அங்கிருந்து மைக் ஒயரில் மிக்ஸருக்கு வா. ஹம் அடித்தால் டி.ஐ.யில் எர்த்தைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டு. பேட்டரியில் ஓடும்போது அந்தத் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

அப்புறம் அடாப்டர். பெடல்களுக்கு 9 வோல்ட், அடாப்டர் பின்னுக்கு நடுவில் மைனஸ். வைஃபை ரூட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பின் அளவு மட்டும் அச்சாகப் பொருந்தும், அழகாக உள்ளே போய் உட்காரும். அவசரத்தில் மேடையில் யாராவது நீட்டுவார்கள், வாங்கிச் செருகிவிடாதே. பவர் பேங்கில் ஓட்டலாமே என்பாய், ஜூமில் யு.எஸ்.பி. வழியாக அதுவும் நடக்கும். ஆனால் சில பவர் பேங்குகள் கரண்ட் கம்மியாக இழுத்தால் போன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்துத் தானாக அணைந்துகொள்ளும். நான் செல்லைத்தான் நம்புவேன். ஆல்கலைனைப் போட்டு அப்படியே மாசக்கணக்கில் விட்டுவிடாதே, கசிந்து உள்ளே அரித்துவிடும். சார்ஜ் செல் போடு. அது 1.5 வோல்ட் இல்லை, 1.2தான், அதனால் செட்டிங்கில் எந்த வகை செல் என்று மாற்றிவை. இல்லையென்றால் நல்ல செல்லையே தீர்ந்துபோனது என்று காட்டும்.

எதிர்வீட்டு நாயனக்காரப் பெரியப்பாவை நினைவிருக்கிறதா? அவர் நாயனத்தில் நூலில் கொத்தாகச் சீவாளி, அதுதான் வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு, தொங்கும், சின்ன வயதில் நீ அதைப் பிடித்து இழுத்து அடி வாங்கினாய். அதெல்லாம் அழகுக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். திருவாவடுதுறையிலிருந்து வாங்கிவருகிற புதுச் சீவாளி உடனே பேசாதாம். வாயில் வைத்து ஊறவைத்து, வீட்டுத் திண்ணையில் நாள்கணக்கில் ஊதி, அது வழிக்கு வந்த பிறகுதான் நூலில் ஏறுமாம். "தொங்குறது அத்தனையும் வாசிச்ச சீவாளிடா" என்றார். நீ கவர் பிரிக்காத டப்பாவைப் பேக்கப் என்று பையில் போட்டுக்கொண்டு போவாய் என்பதுதான் எனக்குப் பயம். நம் அம்பாசிடர் ஸ்டெப்னி ஞாபகம் இருக்கிறதா? நீடாமங்கலம் ரோட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. உன் அம்மா இன்றைக்கு வரை சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் பெட்டி வந்த அன்றே அதில் இருக்கிற கம்பெனிப் பேட்ச்களை, அந்த ரெடிமேட் சத்தங்களை, மறந்துவிடு. முதல் நாலு இடத்தில் உன்னுடையதை வை: கிளீன், ரிதம், லீட், அப்புறம் கொஞ்சம் கோரஸும் டிலேவும் போட்ட மெலடி கிளீன். போதும். பெரிய பெட்டியில் எந்த வரிசையோ இதிலும் அதே வரிசை. கால் யோசிக்கக் கூடாது. லீட் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

கேபினெட் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி மாதிரி சத்தத்தை வடிகட்டுவது, ஆனில் இருக்கிறதா பார். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் பாடாது, அந்த மொண்ணைத்தனம்தான் டிஸ்டார்ஷனுக்கு அழகு. அது இல்லாமல் என் பாக்ஸில் வந்தால் ஈயப் பாத்திரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். அன்றைக்கு நீ நேரே செருகி வாசித்தபோது வந்தது அதன் தம்பிதான். ராத்திரி ஹெட்போனில் வைத்த சத்தத்தையும் நம்பாதே. சின்னச் சத்தத்தில் கேட்கும்போது காது பேஸைக் குறைவாகத்தான் வாங்கும், நீயும் ஏற்றி வைப்பாய், மண்டபத்தில் திறந்ததும் அது குமுறும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, அது பேஸ் கிட்டார்க்காரர் குடித்தனம் நடத்துகிற இடம். ரிவெர்ப் பாதி போதும். தகரக் கூரை மண்டபம் மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

மேடையில் பேக்கப்பைப் பையில் வைக்காதே. செல் போட்டு, ஆன் செய்து, மிக்ஸரில் தனிச் சேனலில் கொடுத்து, சவுண்ட்காரரிடம் மியூட்டில் வைக்கச் சொல். கிட்டார் ஒயரைப் பெரிய பெட்டியிலிருந்து பிடுங்கி இதில் செருகினால் வேலை முடிந்தது, அவர் மியூட்டை எடுப்பார். அவரிடம் முன்னாலேயே சிரித்துப் பேசி ஒரு டீ வாங்கிக் கொடு. நாங்கள் அதற்கெல்லாம் மசிகிற ஆட்கள்தான்.

ஆம்ப் சத்தம் எதில் நிஜம் மாதிரி என்று கேட்டாயே. 1998-இல் லைன் 6 சிவப்பாக அவரைக்கொட்டை மாதிரி 'பாட்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோதும் இதே கேள்விதான், இன்றும் இதே கேள்விதான். முதல் வரிசையில் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு ஜூமும் ஒன்று, மூன்று லட்ச ரூபாய்ப் பெட்டியும் ஒன்று. உனக்கு வித்தியாசம் தெரியும், எனக்கும் தெரியும். அது பெரிய பெட்டியைப் பற்றிய பேச்சு, இன்னொரு நாள் பேசலாம்.

குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. பதினெட்டாம் பெருக்குக்குப் படித்துறையில் நிற்க இடமில்லை, தெருப் பிள்ளைகள் சப்பரம் இழுத்தார்கள். குறுவைப் பயிர் நன்றாக இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் ஏணி ஏறக் கூடாது என்று அம்மா உத்தரவு. இந்தக் கடிதத்தின் முதல் வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதே.

ஆவணியில் கும்பகோணத்து முகூர்த்தத்துக்கு ஒருநாள் முன்னாலேயே வந்துவிடு, புதுப் பெட்டியோடு. கூடத்தில் சின்ன மிக்ஸரும் ஒரு பாக்ஸும் எடுத்து வைக்கிறேன். நீ வாசித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் மெயினை ஆஃப் செய்வேன். கோபித்துக்கொள்ளாமல் நீ எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறாய் என்று கடிகாரம் பார்க்கலாம்.

நாளை ராத்திரி பஸ்ஸில் பார்சல் வருகிறது. முறுக்கு டப்பாவுக்குள் எட்டுச் சார்ஜ் செல்லும் சார்ஜரும் வைத்திருக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போடு.

அன்புடன்,
அப்பா