சார்லட்டிலிருந்து மினியாபொலிஸ் வரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

சென்ற ஆண்டு உன் கல்லூரிக் கூடைப்பந்து அணி எல்லோருடைய எதிர்பார்ப்பையும் சுமந்துகொண்டு போய் முதல் சுற்றிலேயே வெளியேறியது; இந்தப் பருவத்தில் பிள்ளைகளை எப்படித் திரும்பக் களத்தில் இறக்குவது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். பயிற்றுநராகிய நீ ஊன்றிப் படிக்க வேண்டிய பருவம் ஒன்று உண்டென்றால், அது அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் 2018-19ஆம் ஆண்டுப் பருவம் என்பேன். ஆனால் அதை 2018 மார்ச் 16 இரவிலிருந்தே தொடங்கிப் படிக்க வேண்டும்.

அன்று சார்லட் நகரில், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டியின் முதல் சுற்றில், நாட்டிலேயே முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியா, தன் பிரிவில் தரவரிசையின் கடைசியான 16ஆவது இடத்தில் இருந்த யு.எம்.பி.சி. (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) அணியிடம் 74-54 என்ற கணக்கில் தோற்றது. அதற்கு முன் ஆண்கள் போட்டியில், பிரிவுத் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல்நிலை அணியும் 16ஆம் நிலை அணியும் மோதிய 135 ஆட்டங்களிலும் முதல்நிலை அணியே வென்றிருந்தது. அந்தப் பருவம் முழுவதும் எதிரணிகளுக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 54 புள்ளிகளுக்குமேல் விட்டுக்கொடுக்காத அணி, அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. அவர்களின் முக்கிய ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தது உண்மைதான். ஆனாலும் பயிற்றுநர் டோனி பென்னட் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. பத்திரிகையாளர்கள் முன் வந்து எதிரணியைப் பாராட்டி, தங்கள் அணி எல்லா வகையிலும் தோற்றதாக ஒப்புக்கொண்டார். அவர் தொழில்முறை ஆட்டக்காரராக விளையாடியதும் அதே சார்லட் நகர அணிக்குத்தான் என்பதை நினைத்தால், அந்த மேடையில் உட்கார்ந்து பேசுவது எளிதாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் உனக்கு வேண்டியது. ஊரெல்லாம் அவர்களுடைய ஆட்டமுறையையே குறை சொன்னது. மெதுவாக ஆடுகிறவர்கள் பெரிய போட்டியில் வெல்ல முடியாது என்றார்கள். பென்னட் தம் தற்காப்பு முறையைக் கைவிடவில்லை. அது அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்த முறை: பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கிப் பிடிக்க, மற்ற நால்வரும் கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடி தொலைவில் கற்பனையாக வரைந்த ஒரு வளைவுக்குள் நின்றுகொண்டு உள்ளே நுழையும் வழியை அடைப்பார்கள். வெளியிலிருந்து எறிய விடுவார்கள். உள்ளே மட்டும் விடமாட்டார்கள். மகன் அந்த அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தாக்குதலில் மட்டும் சில மாற்றங்களைச் செய்தார். பந்து வைத்திருப்பவருக்கு உயரமான ஆட்டக்காரர் மறைப்புக் கொடுத்து வழி உண்டாக்கும் முறையை முன்பைவிட அதிகமாகப் பயன்படுத்தினார். ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றதற்காக எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை அவர் பிரித்தறிந்ததைத்தான் நான் இந்தப் பருவத்தின் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்; கோப்பை அதற்கு அடுத்ததே.

ஆட்டக்காரர்களும் தோல்வியை மூடி மறைக்கவில்லை. கைல் கை என்ற இளைஞர், தோற்ற இரவில் தாம் குனிந்து நிற்கும் படத்தைத் தம் கைபேசித் திரையிலேயே வைத்துக்கொண்டார். தமக்கு மனப்பதற்றம் இருப்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். உன் பிள்ளைகளிடமும் சென்ற ஆண்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசாதே என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதே. பேசு, அம்மா.

2019 மார்ச் மாதத்தில் மறுபடியும் முதல்நிலை, மறுபடியும் எதிரே 16ஆம் நிலை அணி. கார்ட்னர்-வெப் அணி முதல் பாதியில் 14 புள்ளிகள் வரை முன்னேறியது. அந்த இடத்தில் அரங்கம் முழுவதும் சென்ற ஆண்டை நினைத்திருக்கும். ஆனால் வர்ஜீனியா அவசரப்படாமல், தன் முறையிலேயே ஆடி, 71-56 என்று வென்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றைப் பெரிய ஆபத்தின்றியும் மற்றதைச் சிறிய ஆபத்தோடும் கடந்து, லூயிவில் நகரில் பர்டூ அணியைச் சந்தித்தது.

அந்த ஆட்டத்தின் கடைசி 6 நொடிகளை நீ பலமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பர்டூ அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் எந்தத் தற்காப்புக்கும் அடங்காமல் 42 புள்ளிகள் எடுத்திருந்தார். 3 புள்ளி பின்தங்கியிருந்த வர்ஜீனியாவின் டை ஜெரோமை 5.9 நொடிகள் இருக்கையில் வேண்டுமென்றே ஃபவுல் (விதிமீறல்) செய்தார்கள். அதற்காக அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன; யாரும் தடுக்காமல் எறியும் அந்த வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தது, இரண்டாவது விழவில்லை. கினி நாட்டிலிருந்து வந்த மாமடி டியாகிட்டே பந்தைப் பிடிக்க முடியாமல் விரலால் பின்னோக்கித் தட்டிவிட, அது நடுக்கோட்டையும் தாண்டி உருண்டோடியது. அதைத் துரத்திப் பிடித்தவர் முதலாண்டு மாணவர் கிஹே கிளார்க். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், அணியிலேயே மிகச் சிறியவர். அத்தனை தொலைவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தலையை நிமிர்த்தி, கூடையருகே தனியாக நின்ற டியாகிட்டேயைப் பார்த்து, நேராக ஒரு பாஸ் கொடுத்தார். டியாகிட்டே எறிந்த பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது, பந்து கூடைக்குள் விழுந்தது, 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என்று வென்றார்கள். எறிந்தவரின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். நான் அந்தப் பாஸைச் சொல்வேன், ஏனென்றால் ஓடிக்கொண்டே தலை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் அன்றைய இரவில் வந்ததாக இருக்க முடியாது. அது பயிற்சியில் வந்தது.

அதன்பின் மினியாபொலிஸில் அரையிறுதி. ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி 5 நிமிடங்களில் 10 புள்ளி முன்னிலையை இழந்து, 2 புள்ளி பின்தங்கி, 0.6 நொடி இருக்கையில், மூன்று புள்ளிக்கு எறியும்போது ஃபவுல் செய்யப்பட்ட கைல் கைக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அதற்குச் சற்று முன் ஜெரோம் இரட்டை டிரிப்பிள் செய்ததை, அதாவது தட்டுவதை நிறுத்திய பந்தை மறுபடி தட்டிய விதிமீறலை, நடுவர்கள் கவனிக்கவில்லை. ஆபர்ன் ஆதரவாளர்களின் மனக்குறை நியாயமானதே, அதை நீ பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றையும் போட வேண்டியது கைல் கைதானே. இரண்டு விழுந்ததும் எதிரணி இடைவேளை கேட்டு அவரைக் காக்க வைத்தது. மூன்றாவதும் விழுந்தது, 63-62. போடுவேன் என்று உறுதியாகத் தெரியும் எனப் பொய் சொல்லாமல், பயந்துபோயிருந்ததாகவே அவர் பின்னர் சொன்னார்.

ஏப்ரல் 8ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் அணிக்கு எதிராகவும் 3 புள்ளி பின்தங்கி, சுமார் 12 நொடிகள் இருக்கையில் ஹன்டர் மூலையில் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளியால் 68-68 என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்றார்கள். சார்லட்டில் ஆட முடியாமல் வெளியே இருந்த அதே ஹன்டர் அன்று 27 புள்ளிகள் எடுத்தார். அவருடைய கல்லூரி வாழ்க்கையில் அதுவே அதிகம். பருவம் முழுவதும் 35 வெற்றி, 3 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் சாம்பியன் பட்டம். அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று ஆட்டங்களும் நொடிப் பொழுதில் கைமாறியிருக்கலாம். ஆனால் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோவில் 12-ஐயும் போட்டார்களே, அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் பிள்ளைகளும் ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் தொடக்கத்தில், கால் ஓயாமல் இருக்கும்போது எறிகிறார்கள் என்று நீ சொன்ன நினைவு. அதைக் கடைசிக்கு மாற்று. ஓடி ஓய்ந்து மூச்சு வாங்கும்போது, ஒவ்வொருத்தியாக, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க எறியட்டும். ஒரு மாதம் கழித்து யார் யார் எத்தனை போடுகிறார்கள் என்று எனக்கு எழுது. பந்தைக் கொண்டுவரும் பொறுப்பை எந்தப் பெண்ணிடம் கொடுக்கப்போகிறாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா