லண்டனில் இருக்கும் மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழும்பி நடக்கிறா என்று அறிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. படியேறத்தான் இன்னும் கொஞ்சம் பயப்படுகிறா.

லண்டனைச் சுற்றிப்போகிற எம் 25 பெருந்தெருவில் காலநிலைப் போராட்டக்காரர் செய்த மறியலில் அகப்பட்டு மகன் நேர்முகத் தேர்வைத் தவறவிட்ட கதையை வாசிக்க எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, றோட்டில் குந்துகிற எவனையும் கோர்ட் பிடித்து உள்ளே போடவேண்டும் என்று. அதை நீ எழுதலாமா? 2009 ஏப்ரலில் ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்த சனத்துக்குள் நீயும் நின்றவன்தானே.

நான் நின்றது இங்கே டொரொன்டோவில், கார்டினர் நெடுஞ்சாலையில். மே 10, ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் இரவு முள்ளிவாய்க்காலில் விழுந்த ஷெல்களில் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போன செய்தி காலையிலேயே வந்துவிட்டது. அன்று பின்னேரம் ஸ்பாடினா ஏற்றத்தால் சனம் மேலே ஏறியது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார் முன்வரிசையில் நின்றார்கள். மறிபட்ட கார் ஒன்றிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, இன்று அன்னையர் தினம், அம்மா சாப்பாட்டோடு பார்த்துக்கொண்டிருப்பா, விடுங்கள் என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. அவருடைய நியாயமும் நியாயம்தான். லிபரல் தலைவர் இக்னாட்டியெஃபின் அலுவலகம் பாராளுமன்றத்தில் இதைப் பேசுவதாகச் சொல்லியனுப்பிய பிறகு, நள்ளிரவை ஒட்டித்தான் நாங்கள் இறங்கினோம். அன்று றோட்டை மறித்தது இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அதற்காக நீதிமன்றம் தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 ஜனவரி கடைசியில் கோவிட் தடுப்பூசி விதிகளை எதிர்த்து ஒட்டாவாவில் லொறிக்காரர் வந்து குவிந்தது உனக்குத் தெரியும். வெலிங்டன் தெருவில் லொறிகளை நிறுத்திவிட்டு இரவு பகலாக ஹோர்ன் அடித்தார்கள். பக்கத்துத் தொடர்மாடிகளில் கைக்குழந்தைகள், நோயாளிகள், இரவு வேலை முடிந்து பகலில் படுப்பவர்கள். 21 வயது அரசாங்க ஊழியை ஒருத்தி வழக்குப் போட்டாள். பெப்ரவரி 7ஆம் தேதி நீதிபதி மெக்லீன் ஹோர்னுக்கு 10 நாள் தடை போட்டார். நகர மையத்தில் காற்று ஹோர்னும் ரயில் ஹோர்னும் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான். அமைதியாகப் போராடும் உரிமை அப்படியே இருக்கும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. சத்தமும் பெருமளவு அடங்கியது. அந்த லொறிக்காரரின் அரசியல் எனக்குத் துளியும் பிடிக்காது. ஆனாலும் தடையுத்தரவு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் மச்சான். எது சனத்தை வதைக்கிறதோ அதை மட்டும் நிறுத்தவேண்டும், காலக்கெடு இருக்கவேண்டும், வாயைக் கட்டக்கூடாது.

அதே கிழமை வின்ட்சரில் அம்பாசடர் பாலத்தை மறித்தார்கள். கனடா அமெரிக்கா வியாபாரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்வருகிற பாலம். பாகங்கள் வராமல் கார் ஆலைகள் வேலைநேரத்தைக் குறைத்தன. பாகங்கள் செய்யும் கம்பெனிகளின் சங்கம் நீதிமன்றம் போக, 11ஆம் தேதி தடை வந்தது. 13ஆம் தேதி இரவு பாலம் திறந்தது. நாட்கணக்கில் ஒரு பாலத்தையே அடைத்து வைத்தால் அந்த உத்தரவிலும் நியாயம் இருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. நீதிமன்றப் படியேற லோயருக்குக் கொடுக்கக் காசு வேண்டும். 2019இல் பூர்வகுடிகள் நடத்தும் யெலோஹெட் என்ற ஆய்வு நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட தடையுத்தரவு வழக்குகளைப் பார்த்தது. பூர்வகுடிகளுக்கு எதிராகக் கம்பெனிகள் கேட்டதில் 76 வீதம் கிடைத்திருக்கிறது. கம்பெனிகளுக்கு எதிராகப் பூர்வகுடிகள் கேட்டதில் 81 வீதம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. தங்கள் நிலத்துக்குள் எரிவாயுக் குழாய் வரவேண்டாம் என்று பாதையை மறித்த வெட்சுவெட்டென் பூர்வகுடிச் சனத்தை 2020இல் பொலிஸ் வந்து அகற்றியதும் இப்படியொரு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

உங்கள் ஊர் உத்தரவையே எடு. எம் 25 இல் ஓடுகிற வாகனங்களுக்கு முன்னால் போய்க் குந்துவது ஆபத்து, அதற்குத் தடை போட்டதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 2021 ஒக்டோபரில் அதை இங்கிலாந்தின் 4,300 மைல் பெருந்தெருக்களுக்கும் நீட்டினார்கள், பெயர் தெரியாத ஆட்களுக்கும் சேர்த்து. முந்திய தடையை மீறியதற்காக நவம்பரில் 9 பேர் 3 மாதம் முதல் 6 மாதம் வரை சிறைக்குப் போனார்கள். நீதிமன்ற அவமதிப்பு என்பதால் ஜூரியே இல்லை. 2009இல் இப்படியொரு தாள் உங்கள் பாலத்தையும் மூடியிருந்தால், மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய நீ எங்கே இருந்திருப்பாய்?

மகனிடம் இதையெல்லாம் சொல்லவேண்டாம். அவனுடைய கோபம் அவனுக்குச் சரி. ஆனால் நீ எனக்குப் பதில் எழுது. ஆடியில் அக்காவின் மகளின் கலியாணத்துக்கு லண்டன் வருகிறோம், எழுத விருப்பமில்லை என்றால் அப்போது இருந்து சண்டை பிடிக்கலாம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

உன்,
ரவி